எண்ணிப் பார்த்த மாத்திரை

வாசுதேவன் வங்கியில் முப்பத்திரண்டு வருஷம் கையெழுத்துகளைச் சரிபார்த்தவர். ஓய்வு பெற்று, கோயம்புத்தூரிலிருந்து மராட்டியப் பக்கம் வாகடில் இருக்கும் மகன் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. பால் பாக்கெட்டில் தேதி பார்ப்பார், லிஃப்டில் சோதனைச் சீட்டைப் பார்ப்பார். மனைவி மங்கையர்க்கரசிக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகி, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்திருந்தார்கள். தினமும் காலையில் அந்த அட்டையை எண்ணிவிட்டுத்தான் அவருக்குக் காபி இறங்கும்.

அன்று பதினொரு மணிக்கு அந்த அம்மாளின் இடது கை துவண்டு விழுந்தது. அரை மணியில் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு வந்துவிட்டார்கள்.

டாக்டர் வைஷாலி ஹிந்தியில் கேட்டார், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறாரா என்று.

"தினமும். நானே எண்ணுகிறேன்" என்றார் வாசுதேவன் பெருமையாக, வடக்கே வேலை பார்த்துக் கற்ற ஹிந்தியில்.

டாக்டரின் முகம் வாடியது. மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்க ஊசி உண்டு. அந்த மாத்திரையும் உடம்பில் இருந்தால், ரத்தம் கசிந்து ஊசியே ஆளைக் கொன்றுவிடக்கூடும். போடாவிட்டால் கை போனது போனதுதான்.

"நோயாளியிடமே கேட்போம்" என்று டாக்டர் ஒரு பெண்ணை வரவழைத்தார். ஸ்ரீவித்யா, ஆஸ்பத்திரியின் மொழிபெயர்ப்பாளர், அதே பக்கம் விஷ்ராந்த்வாடியில் வளர்ந்த தமிழ்ப்பெண்.

"நானிருக்கப்ப இவ எதுக்குங்? பில்லுல எதையாச்சும் சேத்துத் தலையில கட்டறதுக்குத்தான்" என்று முணுமுணுத்தார் வாசுதேவன். அந்தப் பெண் அதையும் ஒரு வார்த்தை விடாமல் டாக்டரிடம் ஹிந்தியில் சொன்னாள். இங்கே பேசுவது எல்லாவற்றையும் சொல்வதுதான் அவள் வேலையாம். வாசுதேவனுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

அவரைத் திரைக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள். விடுவாரா? காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"மாத்திர போட்டா வயிறு எரியுதுங் கண்ணு. பத்து நாளாப் போடல. அவரு அட்டைய எண்ணுவாரு. அதனால தெனம் ஒண்ணப் பிதுக்கிச் சன்னலுக்கு வெளிய வீசிப்போடுவேன்."

ஸ்ரீவித்யா, அந்த அம்மாளே பேசுவதுபோல 'நான்' என்றே வைத்து, அதை அப்படியே ஹிந்தியில் சொன்னாள். உள்ளே காலடிகள் பரபரத்தன. அவசரமாக எடுத்த ரத்தச் சோதனையும் அதையே சொன்னது. ஊசி ஏறியது.

மாலையில் அந்த அம்மாளின் விரல்கள் அசைந்தன. வாசுதேவனுக்கு அழுகை வந்தது. அதோடு பழைய குணமும் வந்தது.

ஸ்ரீவித்யாவிடம், "அவ சொன்னது அத்தனையும் அப்படியேதானுங்களா? நீங்களா எதுவும் சேக்கலியே?" என்றார்.

"சேக்கல சார். விடவும் இல்ல."

அவர் மனைவி பக்கம் திரும்பினார். "எங்கிட்ட ஏன் மறைச்ச?"

மங்கையர்க்கரசி அவரைப் பார்க்கவில்லை. ஸ்ரீவித்யாவைப் பார்த்துச் சொன்னாள்: "வயிறு எரியுதுன்னு மூணு தடவ சொன்னேன். வேசம் போடறேன்னாரு. நான் சொன்னா நம்ப மாட்டாரு. நீயே அவருகிட்டச் சொல்லு கண்ணு."

ஸ்ரீவித்யா வாசுதேவன் பக்கம் திரும்பி, அதைத் தமிழிலேயே மறுபடி சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கடைசி வரை கேட்டார்.