இடப்பக்கத்துப் பிரேக்

டிரைவிங் சொல்லிக்கொடுக்கிற தொழிலில் ஆசானுக்கு ஸ்டியரிங் கிடையாது. இடப்பக்கத்து சீட்டும், அதற்கு அடியில் தனியாக ஒரு கிளச்சும் ஒரு பிரேக்கும்தான் உண்டு. கணவரோ மகளோ வண்டி ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் கால் கடுத்துப்போனவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்கு அந்த அவஸ்தை ஒரு மணி நேரம், எனக்குப் பதினோரு வருஷம். கேரள எல்லையோரப் பாறசாலையில் ஒரு சின்ன டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்கும், கொஞ்சம் வயதான ஆண்களுக்கும் கார் பழக்குகிறேன். இளவட்டங்கள் என்னிடம் வருவதில்லை. அவர்களுக்கு வேகம் வேண்டும்.

எங்கள் வண்டி இருபது கிலோமீட்டருக்கு மேல் போகாது. காலை ஆறு மணிக்குக் குன்னத்துகால் பக்கம், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே அந்த வேகத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். பனி தரையோடு கிடக்கும். வண்டி ஒரே இடத்தில் நிற்பது போலவும், மரங்கள்தான் ஒவ்வொன்றாக நம்மைக் கடந்து எங்கேயோ நடந்து போவது போலவும் தோன்றும். நான் பகலிலேயே கனவு காண்கிற பேர்வழி. என் கண் அதில் சொக்கிப்போகும். கால் மட்டும் சொக்காது. அது பிரேக் மேலேயே இருக்கும்.

குருசடிக்கு ஒரு கை

ஸ்ரீகலாவுக்கு முப்பத்தொன்பது வயது, குன்னத்துகால்காரி. கணவர் சுகுமாரனுக்குத் திடீரென்று வலது பக்கம் தளர்ந்துபோய், வாரத்துக்கு மூன்று நாள் நெய்யாற்றின்கரைக்குத் தெரப்பிக்குக் கூட்டிப்போக வேண்டும். அவர் ஆசையாக வாங்கிய பழைய கார் முற்றத்தில் தார்ப்பாய் மூடிக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தன் ஆட்டோவில் அவர்களைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தார். அவரும் வளைகுடாவுக்குப் போக விசா வந்துவிட்டது. அவர் விமானம் ஏறுவதற்குள் இவள் லைசென்ஸ் எடுத்தாக வேண்டும். அதனால் நான் செய்வதையெல்லாம் ஒன்றுவிடாமல் ஒரு நோட்டில் எழுதி வைத்துப் படிக்கிற மாணவி ஆனாள்.

நான் குளத்தூர்ப் பக்கத்துக் கடற்கரைக்காரி. வழியோரத்தில் சிலுவை நட்ட சின்னக் கோயிலான குருசடி வந்தால் என் வலது கை தானாக நெற்றிக்குப் போய், நெஞ்சுக்கு வந்து, சிலுவை போட்டு இறங்கும். நான் அதைக் கவனித்ததே இல்லை. என் கையில் ஸ்டியரிங் இல்லை என்பதால் யாருக்கும் நஷ்டமும் இல்லை.

டெஸ்ட் நாளில் ரோட்டில் ஓட்டிக் காட்டும்போது ஒரு குருசடி வந்தது. ஸ்ரீகலா ஸ்டியரிங்கிலிருந்து வலது கையை எடுத்து, பதற்றமே இல்லாமல் நெற்றி, நெஞ்சு, இரண்டு தோள் என்று முழுச் சிலுவையும் போட்டாள். வண்டி வாய்க்காலைப் பார்த்துப் போயிற்று. இன்ஸ்பெக்டர் எட்டிப் பிடித்திருக்கிறார். நீங்கள் கிறிஸ்தவரா என்று மலையாளத்தில் கேட்டிருக்கிறார், இல்லை என்றிருக்கிறாள். பிறகு எதற்கு என்றதும் இவள் சொன்ன பதிலை, என்னைத் தனியாகக் கூப்பிட்டு அவரே தமிழில் சொல்லிக் காட்டினார்: "இல்ல சாரே, இந்த வண்டி ஓட்டுற மொறையே அப்படியாக்கும்னு நெனச்சேன்."

தலைமையாசிரியரின் பெல்ட்

ஞானதாஸ் சார் மிஷன் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு ஆராதனைக்குப் போவது போல இஸ்திரி போட்ட சட்டையில்தான் வகுப்புக்கு வருவார். நான்கு நாள் ஆகியும் சீட் பெல்ட் மட்டும் போடமாட்டேன் என்றார். சட்டம், அபாயம், அபராதம் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் எடுத்துச் சொன்னேன். அவர் மெதுவாகத் திரும்பி, என் தோளைப் பார்த்தார். என் தோளில் பெல்ட் இல்லை.

எனக்கு வேறு நியாயம் இருந்தது. ஆபத்து வந்தால் நான் சாய்ந்து ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும், பெல்ட் இருந்தால் உடம்பு எட்டாது, இதெல்லாம் தொழில் ரகசியம் என்று விளக்கினேன். சார் பொறுமையாகக் கேட்டார். பரீட்சைத் தாளில் தப்பு கண்டுபிடித்தவர் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு சொன்னார்: "சரி டீச்சரே, பிள்ளையளை வரிசையில நில்லுங்கன்னு சொல்லிட்டு, நான் மட்டும் முப்பது வருசம் குறுக்கால போனவனாக்கும், இந்த நியாயம் எல்லாம் நானும் சொன்னதுதான்."

பலகை மாறிய காலை

அதன்பிறகு நானும் பெல்ட் போட்டேன். சிலுவையையும் வண்டி கிளம்பும் முன்னாலேயே, அன்றைக்கு வழியில் வரப்போகிற எல்லாக் குருசடிகளுக்கும் சேர்த்து மொத்தமாகப் போட்டுவிடுவேன். ஸ்ரீகலாவின் நோட்டிலும் அந்த வரியை நானே அடித்தேன். இனி என்னிடமிருந்து அவள் தப்பாக எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை என்று ஒரு நிம்மதி.

ஒரு நாள் காலை ஸ்ரீகலா ஓட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பனி நிறைய. வேலியெல்லாம் ரப்பர் ஷீட்டுகள் காயப் போட்டிருந்தார்கள். வெயில் அதற்குப் பின்னாலிருந்து வந்தபோது ஒவ்வொரு ஷீட்டும் உள்ளே விளக்கு வைத்தது போல மஞ்சளாக ஒளிர்ந்தது. ஒரு வீட்டு வாசலில் ஒரு பெண் தலைமுடியை உலர்த்திக்கொண்டே பாடிக்கொண்டிருந்தாள். குரல் கேட்கவில்லை, வாய் அசைவதுதான் தெரிந்தது. இந்தக் கார் எங்கேயும் போய்ச் சேர வேண்டாம், இப்படியே ஊர்ந்துகொண்டிருந்தால் போதும் என்று எனக்குத் தோன்றிற்று. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ தெரியாது. கடைப் பலகைகளில் எழுத்து மாறியிருப்பதைத் திடீரென்று பார்த்தேன். மலையாளம் போய் எல்லாம் தமிழாக இருந்தது. எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வந்திருந்தோம்.

சர்ச் முக்கில் வலதுபக்கம் திரும்பச் சொல்லியிருந்தேனே, ஏன் திரும்பவில்லை என்று கேட்டேன். அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். "டீச்சர் சன்னல் வழியா பாத்துட்டே வந்தியளா, நானும் அங்கேயே பாத்துட்டேன், நல்ல ரசமாட்டு இருந்து."

ஏற்றத்தில் நின்ற வண்டி

இரண்டாவது டெஸ்டில் குருசடியைத் தாண்டினாள், கை அசையவில்லை. ஆனால் ஏற்றத்தில் வண்டியை நிறுத்தித் திரும்ப எடுக்கச் சொன்னபோது, வண்டி முன்னால் போகாமல் பின்னால் உருண்டது. மூன்று முறை எடுத்தாள், மூன்று முறையும் உருண்டது. என்னுடன் போகும்போது ஒரு நாள்கூட உருண்டதில்லை. அவளுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. பலா மரத்தடியில் நின்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஆட்டோக்காரர் கிளம்ப இன்னும் பதினைந்து நாள்தான் இருந்தது. எனக்கு இது வராது, விட்டுவிடுகிறேன் என்றாள்.

அன்று மாலை ஸ்டீபன் அண்ணனுக்கு வகுப்பு. எங்கள் ஊர்க்காரர், அறுபது வயதுவரை கடலில் கிடந்துவிட்டு, இப்போது மருமகன் வாங்கிய காரை ஓட்டப் பழகுகிறார். வெறுங்காலோடுதான் ஓட்டுவார். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஏறுவார். ஒரு வளைவில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, குனிந்து தன் கால் மாட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் கால் மாட்டைப் பார்த்தார். கோபம் எதுவும் இல்லாமல், துடுப்பைக் கைமாற்றுகிற மாதிரி சொன்னார்: "மக்கா, நான் சவுட்டி மிதிக்கிறதுக்கு முன்னமே பிரேக்கு தானே கீழ போவுது, ஒனக்கு ஓட்டணும்னா நீ இஞ்ச வந்து இரி, நான் அங்க வாறேன்."

சம்மணம்

அந்தக் கால் ஏன் பிரேக்கை விடாது என்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், ஒரு வளைவில் சைக்கிளோடு ஒரு சிறுமி குறுக்கே வந்தாள். ஓட்டியவர் உறைந்துபோனார், நான் மிதித்தேன். சிறுமிக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அன்றைக்கு மிதித்த காலை நான் எடுக்கவே இல்லை. ஏற்றத்தில் ஸ்ரீகலா வண்டியைப் பிடித்து நிறுத்தியதாக இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருந்தோம். பிடித்தது நான். தைரியமாக ஓட்டுங்கள் என்று வாயால் சொல்லிக்கொண்டே, காலால் என் பயத்தைத்தான் அவளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் அவள் வீட்டுக்கே போய், கையைப் பிடிக்காத குறையாக அழைத்து வந்தேன். கால்வாய்க் கரையில் ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு ஏற்றம் உண்டு. அங்கே வண்டியை நிறுத்தச் சொன்னேன். செருப்பைக் கழற்றினேன். பெல்ட் போட்டபடியே இரண்டு காலையும் சீட்டின் மேல் மடக்கிச் சம்மணம் போட்டேன். ஸ்ரீகலா பார்த்த பார்வை இருக்கிறதே, ஆசான் பாதி வழியில் வண்டியிலிருந்து குதித்துவிட்டது போல இருந்தது. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது என்று உண்மையைச் சொன்னேன். முதல் தடவை உருண்டோம். இரண்டாம் தடவையும் உருண்டோம். தொடைக்கு அடியில் என் கால் துடித்த துடிப்பு எனக்குத்தான் தெரியும்.

மூன்றாவது தடவை வண்டி நின்றது. முன்னாலும் போகாமல், பின்னாலும் போகாமல், இன்ஜின் மட்டும் மெல்ல முனக, ஏற்றத்தின் நடுவில் அப்படியே நின்றது. கால்வாய்த் தண்ணீரிலிருந்து பனி எழுந்து கண்ணாடியைக் கடந்து போனது. கீழே பூமி இல்லாமல் நாங்கள் இருவர் மட்டும் எங்கேயோ மிதந்துகொண்டிருப்பதாக எனக்குத் தோன்றிற்று, என் வாழ்க்கையில் முதல்முறையாக என் காலும் அந்தக் கனவில் இருந்தது. பிறகு வண்டி ஏறியது. மேலே போய்ச் சேர்ந்ததும் நான் காலை நீட்டப் போனேன். ஸ்ரீகலா ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "கால எறக்காதிய டீச்சரே, எறக்கினா எனக்கு எல்லாம் மறந்துபோவும்."

வலது கால்

மூன்றாவது டெஸ்டில் அவள் தேறினாள். குருசடி வந்தபோது இன்ஸ்பெக்டர் ரோட்டைப் பார்க்காமல் அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம். ஆட்டோக்காரர் கிளம்ப அப்போது மூன்று நாள் பாக்கி. கடைசி மூன்று நாளும் ஸ்ரீகலா கார் ஓட்ட, அவரே முன்சீட்டில் துணைக்கு உட்கார்ந்து வந்துவிட்டு, அப்புறம்தான் விமானம் ஏறினாராம்.

ஒரு மாதம் கழித்து எங்கள் ஸ்கூல் வாசலில் ஒரு பழைய கார் வந்து நின்றது. தார்ப்பாய்க்கு அடியில் கிடந்ததால் கூரையின் நிறம் மட்டும் புதிதாக இருந்தது. ஸ்ரீகலா இறங்கி வந்தாள். இடப்பக்கத்தில் சுகுமாரன். அவருக்குப் பேச்சு கொஞ்சம் இழுக்கும். என்னைக் கிட்டே கூப்பிட்டு, கீழே பாருங்கள் என்று கண்ணால் காட்டினார். குனிந்து பார்த்தேன். அந்தக் காரில் அவர் பக்கம் கிளச்சும் இல்லை, பிரேக்கும் இல்லை, வெறும் ரப்பர் விரிப்புதான். அவருடைய வலது கால், தளர்ந்துபோன அதே கால், விரிப்பை அழுத்திக்கொண்டு நின்றது. என் கண் நிறைந்துவிட்டது, நான் மறைக்கவும் இல்லை. அவர் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துச் சொன்னார்: "தெரப்பிக்காரரு அசை, அசைன்னு கெஞ்சின காலாக்கும் டீச்சரே, நேத்து இவ வளைவில திரும்பினப்ப, அது தானே பிரேக்கு சவுட்டிச்சு."

இப்போதும் குருசடி வந்தால் என் கை நெற்றிக்குப் போகத் துடிக்கிறது, வளைவு வந்தால் கால் கீழே இறங்கத் துடிக்கிறது, நானோ பெல்ட் போட்டு, கை கட்டி, சம்மணமிட்டு, ஊரிலேயே நல்ல பிள்ளையாக இடப்பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், ஏனென்றால் நான் சொல்வதை இந்த வண்டியில் யாரும் கேட்பதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.