வேட்டைப் படிவத்தில் ஒரு மங்களகரமான டிக்

போன செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு போன். பேசிய பெண்மணி எடுத்த எடுப்பிலேயே எனக்கு வாழ்த்துச் சொன்னார். எதற்கு? வரும் மார்ச் மாதத்துக்குள் நான் எழுந்து நடந்துவிடப் போகிறேனாம். என் டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கிறாராம்!

இந்தப் பத்தியைத் தவறாமல் படிப்பவர்களுக்குத் தெரியும், நான் நாலு வருடமாக வீல்சேரில் இருப்பவன். புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாக — ஃப்ரீவே, ஒரு டிரக், என் முதுகுத்தண்டு. இடுப்புக்குக் கீழே இனி ஒன்றும் நடக்காது என்று ஹூஸ்டனில் மூன்று ஸ்பெஷலிஸ்டுகள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்கள். அப்புறம் எங்கிருந்து வந்தது இந்த மார்ச்?

விஷயம் இதுதான். ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து மூன்று மணி நேர டிரைவில் ஒரு பண்ணை இருக்கிறது. நிரந்தரமாக நடக்க முடியாதவர்களுக்கென்றே வருடத்தில் ஒரு வார இறுதியில் அங்கே மான் வேட்டை நடத்துகிறார்கள். மறைந்து உட்கார மரத்தால் ஒரு கூண்டு. வீல்சேரோடு உள்ளே போகச் சரிவுப் பாதை, அகலமான கதவு, உட்கார்ந்தபடியே குறி பார்க்கத் தாழ்வான ஜன்னல். அப்படிப்பட்ட கூண்டு மொத்தமே ஒன்றுதான். அதற்கு இந்த வருடக் குலுக்கலில் என் பெயர் வந்திருந்தது.

'மானையா சுடப் போறீங்க, ஐயோ பாவம்!' என்று ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் விருந்தில் ஆன்ட்டிகள் கேட்டாயிற்று. கேட்டபோது அவர்கள் தட்டில் மட்டன் பிரியாணி இருந்தது. அது போகட்டும். விபத்துக்கு முன் ஒவ்வொரு சீசனுக்கும் போனவன் நான். லைசென்ஸ் இருக்கிறது, கையும் கண்ணும் நன்றாகவே இருக்கின்றன. விடிகிற நேரத்தில் காட்டில் சும்மா உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடிக்கும். மான் என்னைப் பார்த்தால் ஓடும். தலையைச் சாய்த்து, 'இப்ப எப்படி இருக்கு?' என்று கேட்காது.

படிவத்தில் டாக்டர் ஒரு டிக் போட வேண்டும். குறைபாடு தற்காலிகமா, நிரந்தரமா? எங்கள் குடும்ப டாக்டர் சுந்தரம் தற்காலிகத்தில் போட்டிருக்கிறார். கீழே, 'ஆறு மாதத்தில் நல்ல முன்னேற்றம் எதிர்பார்க்கப்படுகிறது' என்று கையால் எழுதியும் இருக்கிறார். கவரை ஒட்டிக் கொடுத்தார். பிரித்துப் பார்க்காமல் அப்படியே அனுப்பியவன் அடியேன். மாலை ஐந்து மணிக்குள் திருத்திய படிவம் வராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்றார், பண்ணையிலிருந்து போன் செய்த அந்தப் பெண்மணி.

என் மனைவி கவிதா வண்டியை எடுத்தாள். மூன்று மணிக்கு கிளினிக்கில் இருந்தோம்.

"டாக்டர், ஏதோ தப்பா டிக் ஆயிருக்கு" என்றேன்.

"தப்பா? தெரிஞ்சுதாம்ப்பா போட்டேன்" என்றார் டாக்டர், சிரித்துக்கொண்டே. "நீ என் தம்பி மாதிரி. என் கையால போய் நிரந்தரம்னு எழுதுவேனா? நல்லதையே எழுதுவோம். எழுதினா நடக்கும்."

"நடக்காதுன்னு உங்களுக்கே தெரியுமே டாக்டர்!"

"அதெல்லாம் பேசாத. உன் பார்க்கிங் கார்டுக்கும் நான் அப்படித்தானே எழுதித் தர்றேன்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாற்றுத்திறனாளிகளுக்கான இடத்தில் வண்டியை நிறுத்தக் காரில் மாட்டும் அந்தச் சிவப்பு அட்டை... ஆறு மாதத்துக்கு ஒரு முறை கவுண்டி ஆபீஸ் வரிசையில் நின்று — சரி, உட்கார்ந்து — நான் புதுப்பிக்கிற அட்டை. பக்கத்து வண்டிகளில் எல்லாம் நீல அட்டை தொங்கும். அது சீனியர்களுக்குப் போல என்று நினைத்திருந்தேன். நாலு வருடமாக நான் திட்டாத திட்டில்லை. டெக்சாஸைத் திட்டியிருக்கிறேன், கவர்மென்ட்டைத் திட்டியிருக்கிறேன், கவுன்ட்டர் ஊழியரிடம் முகத்தைக் காட்டியிருக்கிறேன். கடைசியில் பார்த்தால் நீலம் நிரந்தரத்துக்கு, சிவப்பு தற்காலிகத்துக்கு; எல்லாம் நம்ம டாக்டரின் நல்ல மனசு!

நான் கத்த வாயெடுப்பதற்குள் கவிதா முந்திக்கொண்டாள். அவள் குரல் உயர்ந்து நான் அதிகம் கேட்டதில்லை.

"டாக்டர், நாலு வருஷமா நான் இவரைத் தினமும் பெட்லேர்ந்து சேருக்கு மாத்தறேன். ஒரு நாள்கூட லீவு கிடையாது. அது டெம்பரரின்னா எப்ப முடியும், சொல்லுங்க? அவர் கேட்கறது காட்டுல ஒரு காலைப் பொழுது, ஒரே ஒரு பொழுது. அதுக்கு நீங்க உண்மையை எழுதணும், அவ்ளோதான்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். கொஞ்ச நேரம் என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கே அவர் மேல் பாவமாக இருந்தது.

"சரிம்மா, போட்டுத் தர்றேன்" என்று பேனாவை எடுத்தவர், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்ததும் அதைக் கீழே வைத்துவிட்டார். "மூணே கால். செவ்வாய்க்கிழமை மூணுலேர்ந்து நாலரை ராகு காலமாச்சே! இந்த எழுத்தை இந்த நேரத்துலயா எழுதறது? நாலரை ஆகட்டும்."

எம்.டி. படித்தவர். சுவரில் இரண்டு போர்டு சர்டிபிகேட் தொங்குகிறது. கெஞ்சினேன். கவிதா கெஞ்சினாள். ம்ஹூம். காபி வரவழைத்துக் கொடுத்தார். காபி குடிக்க மட்டும் ராகு காலம் தடையில்லை போலிருக்கிறது.

நாலு முப்பத்திரண்டுக்கு நிரந்தரத்தில் டிக் விழுந்தது. சின்ன டிக். சாமிக்குத் தெரியக் கூடாது என்பதுபோல அவ்வளவு சின்னது. ரிசப்ஷன் பெண் ஸ்கேன் பண்ணப் போனால், கம்ப்யூட்டர் தன்னைத்தானே அப்டேட் செய்துகொண்டிருந்தது. மெயில் கிளம்பும்போது ஐந்து மணி ஏழு நிமிடம்.

கூண்டு அடுத்தவருக்குப் போய்விட்டது. அவருக்கு அன்றைக்கு மட்டும் ஒரு சின்ன ஜலதோஷம் வரட்டும் என்று நான் நினைக்கவில்லை. சரி, ஒரு நிமிடம் நினைத்தேன். இந்த வயதில் ஒரு மரக்கூண்டுக்காக அழுகை வருமா? வந்தது.

அன்று இரவே டாக்டர் போன் பண்ணினார். நிஜமாகவே வருத்தப்பட்டார். பிறகு குரலில் தெம்பை வரவழைத்துக்கொண்டு, "கவலைப்படாதப்பா. அடுத்த சீசனுக்கு நீ நடந்தே போகப் போற பாரு!" என்றார்.

அன்பர்களே, நான் எழுந்து நடக்க வேண்டும் என்று தாராளமாக வேண்டிக்கொள்ளுங்கள். ஆனால் அதைக் கோயிலில் வைத்துக்கொள்ளுங்கள், படிவத்தில் வேண்டாம்!