சாரி கார்டில் விட்ட சிவப்புப் பசை

நான்தான் செய்தேன். ஆரோக்கியம் அண்ணன் செய்யவில்லை. என் கணவரின் மோட்டார் சைக்கிளில் சாரி கார்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில், இலேசில் கழற்ற முடியாதபடி சிவப்புப் பசையை விட்டவள் நான். இரண்டு ஆண்டுகளாகப் பழியைச் சுமப்பவரோ அவர்!

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். எனக்கே பாதி நேரம் சிரிப்புத்தான் வருகிறது... மீதி நேரத்தில்தான் தொல்லை.

நான் வேடசந்தூரில் ஒரு பள்ளியில் ஆசிரியை. என் கணவர் சேவியருக்கு அதே ஊரில் நூற்பாலை அலுவலக வேலை. தினமும் திண்டுக்கல்லிலிருந்து அவருடைய வண்டியில் ஒன்றாகப் போய், ஒன்றாகத் திரும்புவோம். சேலை கட்டி ஒருக்களித்து உட்காருகிறவள் நான். முந்தானை சக்கரத்தில் சிக்காமல் காப்பது சாரி கார்டு என்கிற அந்தக் கம்பித் தடுப்புதான்; நான் கால் வைத்துக்கொள்வதும் அதில்தான்.

வீட்டில் என் கணவர் பேசமாட்டார். கைப்பேசி, தொலைக்காட்சி, தூக்கம்! ஆனால் வண்டியில் ஏறிவிட்டால் வேறு மனிதர். மேலாளர் வாங்கிய வசவு, கேன்டீன் சாம்பாரில் பருப்பைத் தேடிய கதை... எல்லாம் காற்றோடு என் காதுக்கு வரும். கல்யாணம் கட்டிக்கொண்டதே அந்தச் சாலையில் பேசிக்கொண்டு போகத்தானோ என்று தோன்றும். எனக்கு அது வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அது எனக்கு வேண்டும்!

அப்படிப்பட்டவருக்கு நாற்பத்தைந்து வயதில் திடீரென்று இளமை திரும்பியது. கொடைக்கானல் மலைக்கு வண்டியோட்டும் இளவட்டங்களோடு சேர்ந்தார்.

"சாரி கார்டக் கழட்டிட்டு ஒத்த சீட்டு போடப்போறேன். வண்டி சும்மா சிக்குனு இருக்கும்."

"அப்ப நான்?"

"பஸ்ஸுல வா. உங்க டீச்சருங்க எல்லாம் அதுலதான வாராங்க?"

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! நான் அழவில்லை. யோசித்தேன்.

வண்டியை எப்போதும் பழுதுபார்ப்பவர், பட்டறை வைத்திருக்கும் ஆரோக்கியம் அண்ணன். என் கணவரோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர். தினமும் மாலையில் இருவரும் சேர்ந்துதான் தேநீர் குடிப்பார்கள். அதிர்வில் போல்ட்டுகள் தளராமலிருக்க அவர் ஒரு சொட்டுப் பசை விடுவதை முன்பே பார்த்திருந்தேன். எந்த நிறப் பசை கெட்டியாகப் பிடிக்கும் என்று ஒருநாள் தற்செயலாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"நீலம் போட்டா ஸ்பேனருக்கு வந்துரும், தங்கச்சி. சிவப்பு போட்டா சூடு காட்டாம அசையாது."

போதாதா? உதிரிபாகக் கடையில் ஒரு சிவப்புக் குப்பி வாங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆட்டுக்கறிக் குழம்பு தந்த மயக்கத்தில் என் கணவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன், மண்ணெண்ணெயில் துடைத்தேன், பசை விட்டு முறுக்கினேன். பூட்டுக்குப் பேர்போன ஊர்க்காரி அல்லவா... சாவியே இல்லாத பூட்டு ஒன்றை நானும் செய்துவிட்டேன்!

அடுத்த வாரம் வேடிக்கை பார்க்க நானும் பட்டறைக்குப் போனேன். ஸ்பேனரை வைத்து அழுத்திய அண்ணனுக்கு நெற்றியெல்லாம் வியர்வை. போல்ட்டின் தலை மழுங்கியதுதான் மிச்சம்.

"ஏலே சேவியரு, இதுல சிவப்பு போட்டிருக்குடா. சூடு காட்டணும்."

"சூடா? இப்பத்தான பெயிண்ட் அடிச்சேன்! ஒன்னத் தவிர என் வண்டியில எவன் கை வச்சான்? நீலம் எது, சிவப்பு எதுன்னு தெரியாதவன் எதுக்குலே கட வச்சிருக்க?"

பட்டறையில் நின்ற ஐந்தாறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணனின் முகம் சுண்டிப்போயிற்று. அப்போதே சொல்லியிருக்கலாம்... ஏன் சொல்லவில்லை? வாயைத் திறந்தால் சாரி கார்டு போய்விடுமே என்ற ஒரே நினைப்பு! நான் கால் வைக்கும் கம்பிக்காக ஒரு மனிதரின் தொழில்மானத்தை விற்றேன்.

அன்றோடு பேச்சு நின்றது. என் கணவர் வண்டியை வேறு பட்டறையில் விடுகிறார். தேநீரைத் தனியாகக் குடிக்கிறார். பெயிண்ட் போய்விடும் என்ற பயத்தில் சூடு காட்டவும் இல்லை. சாரி கார்டு வண்டியிலேயே நிலைத்தது, நானும் பின்னால் ஜம்மென்று உட்கார்ந்து போகிறேன்.

சாமியாரிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் கோபம், பொறாமை, புறணி எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்வேன். இதைச் சொன்னதில்லை. சாமியாரின் வண்டியும் ஆரோக்கியம் அண்ணனிடம்தான் போகிறது!

சென்ற மாதம் பூசை முடிந்து வெளியே வரும்போது அண்ணனே என் எதிரில் வந்தார். என் கணவர் வண்டியை எடுக்கப் போயிருந்தார்.

"என்ன தங்கச்சி, போல்ட்டு கெட்டியா இருக்கா?" என்றார் சிரித்துக்கொண்டே.

"அண்ணே... உங்களுக்குத் தெரியுமா?"

"எங்கிட்ட வந்து கலரு கேட்ட ஒரே ஆளு நீதான!"

"பெறகு ஏண்ணே அவருகிட்டச் சொல்லல?"

"புருசன் பொண்டாட்டிக்குள்ள நான் எதுக்கு? நீயே சொல்லிருவன்னு இருந்தேன்." இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் வேலை முடிந்து திரும்பும்போது சொல்லிவிடுவதென்று உறுதியாக ஏறி உட்கார்ந்தேன். நான் தொடங்குவதற்குள் என் கணவரே தொடங்கினார்.

"ஒரு வகையில அவன் பண்ணதும் நல்லதாப் போச்சுடி. நீ பஸ்ஸுல போயிருந்தா நான் யாருகூடப் பேசிட்டு வாரது?"

இதைக் கேட்கத்தானே இவ்வளவும் செய்தேன்! நெஞ்சு நிறைந்துவிட்டது. அதே நெஞ்சில் முள்ளும் தைத்தது.

"அப்ப அண்ணன்கிட்டப் பேசலாமுல்ல?"

"அவன் இல்லாம டீ கூட எறங்க மாட்டேங்குது. ஆனா செஞ்சவுக தப்ப ஒத்துக்கிடணும்ல? ஒத்துக்கிட்டா இந்த நிமிசமே போயிக் கட்டிப் பிடிச்சிருவேன்."

உங்களிடம் எத்தனை சரளமாக ஒத்துக்கொள்கிறேன், பார்த்தீர்களா? அவரிடம் "ம்" என்று மட்டும் சொன்னேன். அவர் மேலாளரின் புதுக் கதை ஒன்றை ஆரம்பித்தார். நல்ல கதை... திண்டுக்கல் வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன்.