அப்பா வாங்கிக் கொடுத்த வேலை

தோட்டத்து மேனேஜர் என் சட்டை அளவைக் கேட்டபோது, அவர் வேறு யாரையோ நினைத்துக்கொண்டு பேசுகிறார் என்றுதான் எண்ணினேன். கடையில் ரொட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். அவர் ஜீப்பை ஓரமாக நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார்.

“அக்கா, சட்டை சைஸ் என்னா? யூனிபோம் ஓர்டர் பண்ணணும் லா.”

“எதுக்கு யூனிபோம்?”

“பெக்டரிக்குத்தான். ஒண்ணாந்தேதிலேருந்து வர்றீங்கன்னு அங்கிள் சொன்னாரே. ஆபீசுக்கு நடையா நடந்துட்டாரு, பாவம். தேயில காய வைக்கிற ட்ரையர் பேனலப் பாத்துக்க ஆள் இல்லாம நானும் தவிச்சிக்கிட்டுதான் இருக்கேன்.”

மேனேஜர் முப்பதைத் தாண்டாதவர். அப்பா அவரைத் துரை என்று கூப்பிடும்போதெல்லாம் கூச்சத்தில் கழுத்தைத் தடவிக்கொள்வார். அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நாற்பத்தேழு வயதில், என் வேலையைப் பற்றி அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

நான் ஒரு விமான நிறுவனத்தில் பொறியாளர். விமானத்தின் மின்னணுக் கருவிகளைப் பழுது பார்ப்பதும், அவை பதிவு செய்யும் தரவுகளைப் படிப்பதும் என் தொழில். ஒரு விமானம் பறக்கும் நேரம் முழுவதும் தன்னைப் பற்றிய எல்லாவற்றையும் குறித்துக்கொண்டே இருக்கிறது: உயரம், வேகம், இறக்கை மடல்களின் நிலை, சக்கரம் ஓடுபாதையைத் தொட்டபோது எழுந்த அதிர்வு. தரையிறங்கிய பிறகு அது எங்களிடம் வந்து சேரும். ஓட்டியவர் பெயர் எங்களுக்குத் தரப்படாது. கோடுகள் மட்டும்தான். எந்தக் கோடு தன் வழக்கத்தை மீறியது என்று கண்டுபிடித்து எழுத வேண்டும்.

பெருந்தொற்றுக் காலத்தில் தரவு படிக்கும் வேலையை வீட்டிலிருந்தே செய்யலாம் என்று ஆனது. பெருந்தொற்று முடியும் நேரத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. பிறகு கையும் காலும் இயக்கத்துக்குத் திரும்பிவிட்டன. நிதானம் மட்டும் திரும்பவில்லை. எழுந்தால் தலை சுற்றும், சாய்வார். அம்மா இல்லை. மலைத் தோட்டத்திலிருந்து கீழே, நகரத்தில் உள்ள என் அடுக்குமாடி வீட்டுக்கு அழைத்துப்போய்ப் பார்த்தேன். வெக்கையில் மூச்சு வாங்கினார், சாப்பிட மறுத்தார், லிஃப்டுக்குள் நின்று அழுதார். மாதம் முடிவதற்குள் இருவரும் மலைக்கே திரும்பிவிட்டோம். தேயிலைத் தொழிற்சாலையில் அப்பா ஆயுள் முழுக்க ஃபிட்டராக இருந்தவர் என்பதால், ஓய்வுக்குப் பிறகும் தோட்டத்து வீட்டில் இருக்க விட்டிருக்கிறார்கள்.

அன்றிலிருந்து என் உலகம் முன்னறையின் சன்னல். அங்கே மட்டும்தான் இணையம் எட்டும். மூடுபனி இறங்கினால் அதுவும் விட்டு விட்டு வரும். சன்னலுக்கு வெளியே தேயிலை, அதற்கு மேலே தேயிலை. பள்ளி விடுமுறைகளில் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால்கூட கியா பார்மில் ஸ்ட்ராபெரி வாங்க நிற்கும் கார்களுக்குப் பின்னால் கிடக்க வேண்டும். திரிங்காப்பிலிருந்து வரும் காய்கறி லாரிகளும் எங்களோடு நிற்கும். அப்பா முன்சீட்டில் தூங்கிவிடுவார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, நான் படித்த விமானங்கள் இந்நேரம் எங்கே இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

மேனேஜர் சட்டை அளவைக் கேட்ட அதே வாரம்தான் என் மேலதிகாரியின் கடிதமும் வந்திருந்தது. வீட்டிலிருந்து பார்ப்பது இந்த மாதத்தோடு முடிகிறது. விமானங்களைப் பழுது பார்க்கும் ஹேங்கருக்குத் திரும்ப வேண்டும். எனக்கு அது வெறும் இடமாற்றம் இல்லை. ஒரு விமானம் பறக்கலாம் என்று கையெழுத்திடும் உரிமை எனக்கு உண்டு. குறிப்பிட்ட காலம் விமானத்தைத் தொட்டு வேலை பார்க்காதவர்களுக்கு அது காலாவதியாகிவிடும். என்னுடையது அதன் விளிம்பில் நின்றது. இப்போது திரும்பினால் பிழைக்கும். பதில் சொல்ல இரண்டு வாரம் கொடுத்திருந்தார்கள். அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

ரொட்டியை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டேன். “துரைகிட்ட என்னப்பா சொன்னீங்க?”

அப்பா வானொலியின் சத்தத்தைக் குறைத்தார். “வெக்கப்படாத பாப்பா. யாருக்குத்தான் வேல போவல? நம்ம லயன் வீடுகள்லயே எத்தன பேருக்குப் போயிருக்கு.”

“எனக்கு வேல போயிருச்சின்னு யாரு சொன்னா?”

“யாரும் சொல்லணுமா? சங்கு ஊதுனா ஊரே கிளம்புது. நீ கிளம்புறதில்ல. யூனிபோம் இல்ல, ஷிப்ட் இல்ல. ஏரோப்ளேன் வேலன்னா ஏரோப்ளேன் இருக்கணும்ல? இங்க ஏது?”

“கம்ப்யூட்டர்ல பாக்குறேன்பா. அந்தக் கோடெல்லாம் ஏரோப்ளேன்தான்.”

“கோடு,” என்றார் அப்பா. நான் ஏதோ சமாளிக்கிறேன் என்று அவருக்குப் பட்டது. “நான் சாவுறதுக்குள்ள உனக்கு ஒரு நிரந்தரம் பண்ணிட்டுப் போவணும்னு நெனச்சேன். ட்ரையர் பேனல் உனக்கு ஒரு வேலையா? ஒரு வாரத்துல புடிச்சிக்குவ.”

எனக்குக் கோபம் வந்தது. மலைக்கு வந்த நாளிலிருந்து, காலை எட்டிலிருந்து மாலை வரை நான் பார்த்த அத்தனை வேலையையும் அவர் ஒரு வேலையில்லாதவளின் நடிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். என்னை நம்பியதுபோலவே தேநீர் போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்திருக்கிறார். மடிக்கணினியில் கடிதத்தைத் திறந்து, மலாய்க்காரரான என் மேலதிகாரி எழுதியதை வரிவரியாகத் தமிழில் சொன்னேன். ஹேங்கருக்கு வா என்கிறார்கள் என்றேன். கையெழுத்து உரிமையைப் பற்றியும் சொன்னேன்.

அப்பா விரலால் திரையைத் தொட்டுப் பார்த்தார்.

“அப்ப வேல இருக்கு.”

“இருக்கு.”

“பின்ன ஏன் இங்க உக்காந்திருக்க?”

நான் அவர் கால்களைப் பார்த்தேன். பதில் ஒரே சொல்லில் முடிந்திருக்கும். அப்பா எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, தன் அறைக்குப் போனார். என்னைக் கூப்பிடாமல் அவர் எழுந்தது அன்றுதான் முதல் தடவை.

அதுவரை எங்களுக்குள் ஓர் ஒழுங்கு இருந்தது. இயந்திரத்தில் சத்தம் மாறினால் உடனே சொல்லிவிட வேண்டும் என்பது ஃபிட்டரின் பழக்கம். தன் உடம்பையும் அவர் அப்படித்தான் சொல்வார். “பாப்பா, சுத்துது.” “பாப்பா, எடது காலு மரத்துப் போச்சி.” நான் ஓடிப்போய்ப் பிடிப்பேன், மாலையில் நாட்குறிப்பில் எழுதுவேன், டாக்டர் கேட்டால் படித்துக் காட்டுவேன். அந்த வாரம் எழுத ஒன்றுமில்லை. எப்போது கேட்டாலும் “நல்லாருக்கேன்” என்றார். மூன்று வேளையும் சாப்பிட்டார். “நீ போ, நான் இருந்துக்குவேன். பக்கத்து வீட்டுப் புள்ள கஞ்சி குடுக்கும்,” என்று அவரே ஆரம்பித்தார். என் பெட்டியை அலமாரி மேலிருந்து இறக்கித் துடைத்து வைத்திருந்தார். அதை எப்படி இறக்கினார் என்று நான் கேட்கவில்லை.

போய்விடலாம் என்று நானும் நினைத்தேன். ஹேங்கரின் எண்ணெய் வாசனை, ஏணியில் நின்று கருவிப் பெட்டியை அதன் இடத்தில் தள்ளும்போது கையில் உணரும் அந்தப் பொருத்தம், எல்லாம் கிட்டே வந்துவிட்டது போல இருந்தது. இரண்டு இரவுகள் நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பும்போது அப்பா சட்டைக் கையை மணிக்கட்டு வரை இறக்கிப் பொத்தான் போட்டிருந்தார். கையை முழங்கைக்கு மேல் மடித்துவிடாத அப்பாவை நான் பார்த்ததே இல்லை. ஆராதனை முடிந்து ஒருவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கியபோது, முகம் சுருங்கி மறுபடி சிரிப்புக்குத் திரும்பியது.

செத்துப்போன சென்சார் எங்களை ஏமாற்றுவதில்லை. அது செத்தது என்று பார்த்ததும் தெரிந்துவிடும். எது நடந்தாலும் சரியான எண்ணையே காட்டிக்கொண்டிருக்கிறதே, அதுதான் ஆபத்து. அதை நம்பி நாங்கள் யாரும் கையெழுத்திடுவதில்லை.

மறுநாள், ஹேங்கருக்கு வர இயலாது என்று எழுதிவிட்டேன். மேலதிகாரி மரியாதையாகத்தான் பதில் எழுதினார். பராமரிப்பு ஆவணங்களைச் சரிபார்க்கும் வேலை ஒன்று இருக்கிறது, அதை வீட்டிலிருந்து பார்க்கலாம்; தரவுகள் வேறொருவரிடம் போகும்; உரிமை காலாவதியாவதை அவரால் தடுக்க முடியாது. படித்துவிட்டு மடிக்கணினியை மூடினேன். வெளியே மழை பிடித்திருந்தது. மேடும் தெரியவில்லை, பாதையும் தெரியவில்லை.

“எப்பக் கிளம்புற?” என்றார் அப்பா.

“கிளம்பல.”

“நான் இருன்னு சொன்னேனா?”

“சொல்லல.”

“பின்ன யாரக் கேட்டு முடிவு பண்ண?”

“எனக்கு பெக்டரியில வேல கேட்டீங்களே, அது யாரக் கேட்டு?”

நான் கையை நீட்டினேன். “சட்டக் கைய மடிச்சி விடுங்க, பாப்போம்.”

மாட்டேன் என்று அப்பா தலையாட்டினார். பிறகு அவரே பொத்தானைக் கழற்றினார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கன்றிப்போய், ஓரங்களில் பச்சை படர்ந்திருந்தது.

“பாத்ரூம்லயா?”

“பெக்டரி படியில.” அவர் என்னைப் பார்க்கவில்லை. “கடிதாசி காட்டுன மறுநாளு நீ கடைக்குப் போயிருந்த. பாப்பா வராது, அதுக்கு வேல இருக்குன்னு துரைகிட்ட சொல்லிட்டு எறங்குனேன். காலு நிக்கல.”

மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி அவர் கேட்டார். “அந்தக் கையெழுத்துப் போடுற வேல, திரும்பக் கெடைக்குமா?”

“கெடைக்கும். மொதல்லேருந்து பண்ணணும்.”

“நான் போனப்புறம் பண்ணிக்க.”

“அப்ப எனக்கு அறுவது ஆயிரும்பா.”

“அறுவதா?” அப்பா நிமிர்ந்தார். “அதுவரைக்கும் என்னை வச்சிருக்கப் போறியா? நல்ல கதையா இருக்கே லா.”

சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். சிரித்துவிட்டேன். தைலத்தை எடுத்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கையை என் மடியில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். முழங்கைக்கு வந்ததும் அவர் உடம்பு இறுகியது.

“வலிக்குதா?”

கொஞ்சம் யோசித்தார்.

“வலிக்குது,” என்றார்.