ஓதி வைத்த புட்டு

யுத்தத்தில் சேவை செய்தவர்களுக்கென்று வருஷா வருஷம் மலர்வளையம் வைக்கிறார்கள். வைக்கட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? பட்டாளத்துக்காரர்களின் பெயர் கல்லில் இருக்கிறது, டாக்டர்களின் பெயர் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் ரத்தத் துணியும் பீத்துணியும் அலசினவள் பெயரை எந்தக் கல்லில் வெட்டினார்கள், சொல்லுங்கள் பார்ப்போம். அல்போன்சம்மாளின் பெயர் எங்கேயும் இல்லை. யாராவது போய்க் கேட்டிருந்தாலும், "போங்கய்யா, உங்களுக்கு வேற வேலை இல்ல" என்று விரட்டித்தான் விட்டிருப்பாள். விரட்டுவதற்கு அவளிடம் ஒரு காரணம் இருந்தது.

தேக்காவுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் அவள் ஆயா. புருஷன் சவரிராஜ் துறைமுகத்தில் மூட்டை தூக்கினவன். ஜப்பான்காரன் விமானம் வரத் தொடங்கிய கொஞ்ச நாளில் துறைமுகக் கிட்டங்கி ஒன்றில் குண்டு விழுந்தது. சவரிராஜ் அதற்குள் இருந்தான். அடக்கம் பண்ண உடம்பு கூடக் கிடைக்கவில்லை. பிள்ளை குட்டியும் இல்லை. இரண்டு மூன்று நாள் பாயில் கிடந்தாள். பிறகு எழுந்து முகம் கழுவிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். "வீட்டுல உக்காந்து சுவத்தைப் பாத்துக்கிட்டு இருந்தா அவரு வந்துருவாரா?" என்றாளாம். பாதி ஆயாக்கள் உயிருக்குப் பயந்து ஓடிவிட்ட நேரம் அது. இவள் ஓடவில்லை. ஓடிப் போய் யாரிடம் சேர?

பிள்ளைகள் வார்டு என்று அப்போது தனியாக எதுவும் இல்லை. தாழ்வாரம் பூராவும் பாய் போட்டுக் கிடத்தியிருந்தார்கள். பிழைக்கிறதை டாக்டர் பார்த்தார், பிழைக்காததை அல்போன்சம்மாள் பார்த்தாள். இடுப்பில் ஒரு மருந்துக் குப்பி செருகியிருப்பாள். உள்ளே கோவிலில் மந்திரித்த தீர்த்தம். சாகப் போகிற உயிருக்குப் பக்கத்தில் குருவானவர் இல்லையென்றால் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று சின்ன வயதில் ஞானோபதேசத்தில் படித்தது அவளுக்கு மறக்கவில்லை. ஒரு பிள்ளையின் கண் சொருகுகிறது என்று கண்டால் குப்பியைத் திறப்பாள். பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்துவின் பேரால் தலையில் தண்ணீர் விடுவாள். பெயர் யோசிக்க ஏது நேரம்? ஆண் பிள்ளையென்றால் ஜோன், பெண் பிள்ளையென்றால் மரியா. அந்தத் தாழ்வாரத்தில் எத்தனை ஜோன், எத்தனை மரியா மோட்சம் போனார்கள் என்று ஆண்டவருக்குத்தான் தெரியும்.

பெற்றவர்களைக் கேட்காமல் இப்படிச் செய்யலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பெற்றவர்கள் பாதிப் பேர் இடிபாட்டுக்கு அடியில் கிடந்தார்கள். அவளும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. சும்மா அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

வெள்ளைக்காரன் சரணடைவதற்குச் சற்று முன்னால் ஒரு மத்தியானம் தியாகராசா லாரியைக் கொண்டு வந்து நிறுத்தினார். யாழ்ப்பாணத்துக்காரர், சர்க்கார் ஆபீசில் கிளார்க். வண்டி ஓட்டத் தெரியும் என்பதற்காகத் தானாகவே வந்து காய்கறி லாரியில் அடிபட்டவர்களை ஏற்றிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் கையில் சுண்ணாம்புத் தூள் அப்பிய ஒரு சின்னப் பெண் பிள்ளை.

"டன்லப் ஸ்ட்ரீட்டில எடுத்தனான். தாயைக் காணேல்லை. மூச்சிருக்கு எண்டுதான் நினைக்கிறன், இதைக் கொஞ்சம் பாரும் பிள்ளை" என்று கொடுத்துவிட்டு மறுபடி லாரியில் ஏறினார்.

இரண்டு வயதுகூட நிறைந்திருக்காது. தோள்பட்டை பிளந்திருந்தது, உதடு நீலம் பாரித்திருந்தது. கழுத்துக் கறுப்புக் கயிற்றில் ஒரு தாயத்து. துலுக்க வீட்டுப் பிள்ளை என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அல்போன்சம்மாள் குப்பியை எடுத்தாள். "மரியா..." என்று தொடங்கித் தண்ணீரை ஊற்றி முடித்தாள். நெற்றியில் வழிந்த தண்ணீர் உதட்டுக்கு வந்தது. பிள்ளை நாக்கை நீட்டி அதை நக்கியது.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தனை பிள்ளைகளில் ஒன்றுகூட அப்படிச் செய்ததில்லை. "அடியே, நீ சாகலையாடி!" என்று கத்திக்கொண்டே டாக்டரிடம் ஓடினாள்.

ஊர் விழுந்ததும் ஜப்பான்காரன் ஆஸ்பத்திரியை உடனே காலி பண்ணச் சொன்னான். நடக்க முடிந்தவர்கள் நடந்தார்கள். முடியாதவர்களுக்கு என்ன ஆயிற்று என்று பேசாமல் இருப்பதே நல்லது. அல்போன்சம்மாள் தோளில் கட்டுப் போட்ட பிள்ளையைச் சேலைக்குள் பொத்திக்கொண்டு கம்போங் கப்போரில் இருந்த தன் ஒற்றை அறைக்கு வந்து சேர்ந்தாள். அப்போது அவள் மனசில் கள்ளம் இல்லை. யாராவது தேடி வந்தால் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தாள்.

ஒருவரும் வரவில்லை. காயம் ஆறியது. முதல் மாதங்களில் பிள்ளை தூக்கத்தில் "உம்மா, உம்மா" என்று முனகும். பிறகு அது நின்றது. ஒருநாள் மரவள்ளிக்கிழங்கை மசித்துக் கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்த்து "அம்மா" என்றது. போச்சு, அன்றோடு எல்லாம் போச்சு. தாயத்தைக் கழற்ற அவளுக்குப் பயம். அதே கயிற்றில் மாதா சுரூபத்தையும் கோத்துவிட்டாள். புக்கிட் பாஞ்சாங் தோட்டத்தில் செத்துப்போன தங்கச்சியின் மகள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்தாள். அடுத்த அறைப் பூவம்மா நம்பினாள். அல்போன்சம்மாள் நாலு வீட்டில் துணி துவைக்கப் போகும்போது மரியாவைப் பார்த்துக்கொண்டதும் பூவம்மாதான்.

பல மாதம் கழித்து ஒரு பெண் கட்டையை ஊன்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. பிள்ளை நல்ல வேளையாக, அல்லது கெட்ட வேளையாக, பூவம்மாவிடம் இருந்தது.

"என் பேரு ஆமினா பீவி. இத்தனை நாளும் வேற ஆஸ்பத்திரியில கிடந்தேன்க்கா. லாரி ஓட்டின தியாகராசா ஐயாவைத் தேடிப் பிடிச்சுக் கேட்டேன். என் மகளை உங்க கையில குடுத்ததாச் சொன்னாங்க. நஃபீசான்னு பேரு. கழுத்துல தாயத்து இருக்கும்."

அல்போன்சம்மாள் உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தவள்தான். சுவருக்கு அந்தப் பக்கம் மரியா எதற்கோ சிரித்தது கேட்டது. தண்ணீர் ஊற்றியாகிவிட்டது, இனி இது ஆண்டவரின் பிள்ளை, நான் இதற்கு ஞானத்தாய், எப்படித் திருப்பிக் கொடுப்பேன் என்று உள்ளுக்குள் ஒரு குரல் நியாயம் பேசியது. அது ஆண்டவர் குரல் இல்லை என்று அவளுக்கே தெரியும். பிள்ளையில்லாதவளின் ஆசைக்கு வேதத்தைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டாள்.

"அந்தப் புள்ள தங்கலையேம்மா" என்றாள்.

ஆமினா பீவி அலறவில்லை. கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "கடைசியில தாகம் எடுத்திருக்குமே அக்கா. தண்ணி கொடுத்தீங்களா?" என்று கேட்டாள்.

"கொடுத்தேன்."

ஆமினா பீவி அவளுடைய கையை இழுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இந்தக் கை நல்லா இருக்கணும்" என்றாள். பாவி மகள், அந்த நேரத்திலாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் ஆமினா பீவி வந்தாள். மரவள்ளி மாவில் புட்டு அவித்து விற்றுத்தான் அவள் பிழைப்பு. வாழை இலையில் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு, அந்தக் கட்டையோடு டன்லப் ஸ்ட்ரீட்டிலிருந்து நடந்து வந்து கொடுத்துவிட்டுப் போவாள். ஊரே கிழங்கும் செம்பனை எண்ணெயும் தின்று கை கால் வீங்கிக் கிடந்த காலம். அந்தப் புட்டில் கொஞ்சம் தேங்காய்ப்பூ இருக்கும், என்றைக்காவது சீனிகூட இருக்கும். அல்போன்சம்மாள் ஒரு விள்ளல்கூடத் தன் வாயில் வைக்க மாட்டாள். ஆமினா பீவி தெருமுனை திரும்பியதும் பூவம்மா அறையிலிருந்து மரியாவைக் கூட்டி வந்து முழுதையும் ஊட்டிவிடுவாள். பெற்றவள் அவித்தது பிள்ளை வயிற்றுக்குத்தானே போகிறது என்று மனசுக்குச் சமாதானம் வேறு.

ஒரு வெள்ளிக்கிழமை சும்மா இருக்க மாட்டாமல் கேட்டுவிட்டாள். "உனக்கே சாப்பாட்டுக்கு இல்ல. எனக்கு எதுக்கும்மா வாரா வாரம்?"

"உங்களுக்குன்னு இல்லக்கா. நஃபீசா பேருல பாத்தியா ஓதினது. மௌத்தான புள்ளைக்கு ஓதி, நாலு பேருக்குக் கொடுக்கணும். அவளுக்குக் கடைசித் தண்ணி கொடுத்த உங்களுக்குக் கொடுத்தா அவளுக்கே போய்ச் சேர்ந்த மாதிரி இருக்கு."

அல்போன்சம்மாளுக்குத் தலையில் இடி விழுந்தது. இத்தனை வாரமாய், உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு அதன் சாவுக்கு ஓதின புட்டை ஊட்டியிருக்கிறாள்! ஆமினா பீவி போன பிறகும் பொட்டலத்தைப் பிரிக்காமல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மரியா ஓடி வந்து, "புட்டு, புட்டு" என்று இலையைப் பிடித்து இழுத்தது. இவள் கொடுக்கவில்லை. பசியில் பிள்ளை தரையில் புரண்டு அழுதது.

அந்த வாரமே அதற்குக் காய்ச்சல் கண்டது. அந்த நாளில் யாருக்குத்தான் காய்ச்சல் வரவில்லை? ஆனால் இவளுக்கு அது வெறும் காய்ச்சலாகத் தெரியவில்லை. கொயினா மாத்திரை எங்கேயும் இல்லை. கஷாயம் போட்டுக் கொடுத்துப் பார்த்தாள். பிள்ளையின் உடம்பு அனலாய்க் கொதித்தது. விடிந்ததும் பூவம்மாவிடம் விட்டுவிட்டுக் கோவிலுக்கு ஓடிப் பாவசங்கீர்த்தனத் தொட்டியின் வலைக்கு முன்னால் முழங்கால் போட்டாள். எல்லாவற்றையும் கொட்டினாள். கடைசியில், "ஞானஸ்நானம் வாங்கின புள்ள சாமி. வேற வேதத்துல வளர விட்டா எனக்குப் பாவம் இல்லையா?" என்று கேட்டாள். 'வைத்துக்கொள்' என்ற ஒரே வார்த்தைக்காக அவள் உயிர் தவித்தது.

வலைக்கு அந்தப் பக்கம் சாமியார் பெருமூச்சு விட்டார். "சாகிற புள்ளைக்குத் தண்ணி ஊத்தச் சொல்லிக் கொடுத்தோம் அல்போன்சம்மா. திருடச் சொல்லிக் கொடுக்கலை. முதல்ல புள்ளையைத் தாய்கிட்ட கொடு. மன்னிப்புக்கு அப்புறம் வா."

காய்ச்சல் தணியும் வரைகூடக் காத்திருக்கவில்லை. இருந்தால் மனசு மாறிவிடும் என்று அவளுக்கே பயம். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு டன்லப் ஸ்ட்ரீட்டுக்கு நடந்தாள். ஆமினா பீவி அடுப்பண்டை உட்கார்ந்து மாவு சலித்துக்கொண்டிருந்தாள். அல்போன்சம்மாள் பிள்ளையின் கழுத்துக் கயிற்றை வெளியே எடுத்துக் காட்டினாள்.

சல்லடை கீழே விழுந்தது. ஆமினா பீவி தாயத்தைப் பார்த்தாள், சுரூபத்தைப் பார்த்தாள், தோள்பட்டைத் தழும்பைத் தடவினாள். பிறகு நிமிர்ந்து அல்போன்சம்மாளைப் பார்த்தாள். அடிப்பாள், காறித் துப்புவாள் என்று எதிர்பார்த்து நின்றாள் இவள். அடித்திருந்தால் எவ்வளவோ தேவலை. ஆமினா பீவி கயிற்றை அவிழ்த்துச் சுரூபத்தை மட்டும் உருவி இவள் உள்ளங்கையில் வைத்தாள். "போயிடுங்க" என்றாள். "அம்மா, அம்மா" என்று பிள்ளை போட்ட கூச்சல் தெருமுனை வரை துரத்திக்கொண்டு வந்தது.

சில நாளில் கட்டைச் சத்தம் மறுபடி வாசலில் கேட்டது. ஆமினா பீவியின் கண் குழி விழுந்திருந்தது.

"காய்ச்சல் விட்டிருச்சு. ஆனா என் கையால ஒரு வாய் வாங்க மாட்டேங்குறா. என்னைக் கண்டா சுவத்தோரம் ஒதுங்குறா. பெத்தவளைப் பார்த்துப் பயப்படுறா." கட்டையை மாற்றி ஊன்றிக்கொண்டாள். "நீங்க வந்து ஊட்டுங்க. ஊட்டிட்டு உடனே போயிடணும். அவ முன்னாடி அழக் கூடாது. அம்மான்னு கூப்பிட்டா ஏன்னு கேட்கக் கூடாது."

அல்போன்சம்மாள் போனாள், ஒவ்வொரு சாயங்காலமும் போனாள். அவள் செய்த வேலைகளிலேயே கொடிய வேலை அதுதான். ரத்தத் துணி அலசினதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. முதலில் தானே ஊட்டினாள். பிறகு ஆமினா பீவியைப் பக்கத்தில் உட்காரவைத்து ஊட்டினாள். பிறகு ஆமினா பீவியின் கையைத் தன் கையால் பிடித்து ஊட்டவைத்தாள். "அம்மா" என்று பிள்ளை கூப்பிட்டால் காது கேளாதவளாகத் திரும்பிக்கொள்வாள். "உம்மாகிட்ட கேளு நஃபீசா. உம்மாதான் தருவாங்க" என்பாள். அந்தப் பெயரைச் சொல்ல முதலில் அவளுக்கு வாயே வரவில்லை. பிள்ளை உதட்டைப் பிதுக்கும். இவள் அடுத்த கவளத்தை உருட்டி ஆமினா பீவியின் கையில் வைப்பாள்.

ஒருநாள் இவள் போய்ப் படியேறும்போது உள்ளே பிள்ளை சாப்பிட்டுக்கொண்டிருந்தது, ஆமினா பீவியின் மடியில் உட்கார்ந்து. "உம்மா, இன்னும்" என்று வாயைத் திறந்தது. வாசலில் நின்ற அல்போன்சம்மாளைப் பார்த்தது. பார்த்துவிட்டு மறுபடி புட்டின் பக்கம் திரும்பிக்கொண்டது.

ஆமினா பீவி மெல்லத் தலையசைத்தாள். இனி வர வேண்டாம் என்று அதற்கு அர்த்தம். அல்போன்சம்மாள் வந்த வழியே இறங்கினாள். பஃபலோ ரோட்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் வந்த பிறகுதான் அழுகை வந்தது. மாடுகளுக்கு நடுவே நின்று வாய்விட்டு அழுதாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் யாரையும் எதிர்பார்க்கவில்லை. வாசலில் கட்டைச் சத்தம் கேட்டது. ஆமினா பீவி உள்ளே வரவில்லை, உட்காரவும் இல்லை. வாழை இலைப் பொட்டலத்தை நீட்டினாள்.

"இது ஓதினதில்ல" என்றாள். "சும்மா புட்டுதான்."

அவள் தெருமுனை திரும்பும் வரை அல்போன்சம்மாள் பார்த்துக்கொண்டு நின்றாள். பழக்க தோஷம், பொட்டலத்தோடு பூவம்மா அறைப் பக்கம் இரண்டடி வைத்துவிட்டாள். பிறகு திரும்பி வந்து பாயில் உட்கார்ந்து இலையைப் பிரித்தாள். அத்தனை வெள்ளிக்கிழமைக்கும் பிறகு, அந்தப் புட்டை அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவள் தின்றாள்.