சீத்தா மரத்தில் மாடு மேய்த்தவர்கள்

மகளுக்கு ஏழாம் மாதம். "எனக்கு நம்ம வீட்டு மரத்துச் சீத்தாப்பழந்தான் வேணும்மா, கடைப் பழம் வேணாம்" என்று வத்தலக்குண்டிலிருந்து போனில் சொல்லிவிட்டாள். எங்கள் மரத்தில் இந்த வருஷம் காய்த்ததே நாலைந்துதான். அதிலும் மாவுப்பூச்சி விழுந்து, காயெல்லாம் பவுடர் அப்பியதுபோல் வெள்ளையாகக் கிடந்தது. மருந்தடிக்கவும் பயம். சாப்பிடப் போவது பிள்ளைத்தாய்ச்சி ஆயிற்றே.

பேக்கரி நடத்தும் என் வீட்டுக்காரர், மரத்தில் சாரைசாரையாக எறும்பு ஏறுவதைப் பார்த்தார். "கவலய விடு. எறும்பு அம்புட்டுப் பூச்சியையும் தின்னுரும்" என்றார். அதோடு விட்டாரா? கடையில் மிஞ்சிய கேக் தூளைத் தினமும் மரத்தடியில் கொட்டினார். எறும்பு பெருகியது. கூடவே பூச்சியும் பெருகியது.

ஒருநாள் துணி காயப்போடப் போனவள் கிட்டே நின்று பார்த்தேன். பூச்சியைத் தின்ன ஒரு புள்ளி வண்டு வந்தது. எறும்புகள் அதன் காலைக் கடித்து விரட்டின. அப்புறம் ஓர் எறும்பு பூச்சியின் முதுகைத் தடவிக்கொடுக்க, பூச்சி ஒரு சொட்டுப் பாகு விட்டது. எறும்பு அதைக் குடித்தது. அடப்பாவிகளா!

"ஏங்க, இங்க வாங்க! உங்க பட்டாளம் பூச்சியத் திங்கல. மாடு மேச்சுப் பால் கறக்குது. நீங்க தீனி போட்டு வளத்திருக்கீக!"

மனுஷர் உடனே மெக்கானிக் கடையில் கிரீஸ் வாங்கிவந்து, மரத்தைச் சுற்றித் துணி கட்டித் தடவினார். எறும்புகளா அடங்கும்? மரத்தில் கட்டியிருந்த துணிக்கொடி வழியாக ஜம்மென்று நடந்து மேலே போயின. கொடியையும் அவிழ்த்தெறிந்தேன். காவல் போனதும் வண்டுகள் வந்து பந்தி உட்கார்ந்தன. பூச்சி குறைந்து, இரண்டு காய் தப்பியது.

மகள் வந்தாள். பழத்தைப் பிட்டுத் தின்றுகொண்டே இந்தக் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் சொன்னாள்:

"எங்க மாமியா வீட்டுலயும் இதே கததாம்மா. பாலு, பேரீச்சம்பழம்னு ராசாத்தி கணக்கா கவனிக்கிறாக. எல்லாம் வயித்துக்குள்ள இருக்கறதுக்குத்தான், எனக்கில்ல. இடுப்பு வலிக்குதுன்னு சொன்னா, புள்ளைக்கு ஒண்ணுமில்லையேன்னு கேக்குறாக."

அவள் கண் கலங்கியிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எனக்கு நீதாண்டி புள்ள. அது வரும்போது வரட்டும். எங்கன வலிக்குது, திரும்பு" என்று தைலத்தை எடுத்தேன்.