பிரசவப் பையில் மண்ணெண்ணெய்

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டுக் குளிர்காலத்தில் நியூசிலாந்தில் மின்சாரத்துக்குத் தட்டுப்பாடு வந்தது. நாங்கள் ஒக்லாந்துக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பிளாக்ஹவுஸ் பே என்ற பகுதியில் இரண்டு அறை வீடொன்றில் வாடகைக்கு இருந்தோம். மனைவி நிறைமாதம். எனக்கு நாற்பத்து நான்கு வயது, அவளுக்கு முப்பத்தேழு.

இந்த நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி தென்தீவின் ஏரிகளிலிருந்து வருகிறது. அந்த வருடம் அங்கே மழை பொய்த்துவிட்டது. ஒவ்வொரு மாலையும் தொலைக்காட்சியில் வற்றிய ஏரிகளைக் காட்டி, சுடுதண்ணீரைக் குறையுங்கள், விளக்கை அணையுங்கள் என்றார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு ஆங்கிலம் அரைகுறை. விளங்கியதை மனைவிக்குச் சொன்னேன்.

"மழை இல்லையாம். அதுதான் கரண்ட் இல்லை."

அவள் யன்னலைக் காட்டினாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப உது என்னப்பா, பன்னீரோ?"

"இஞ்சை பெய்யிறதிலை பிரயோசனமில்லையாம். அங்கை பெய்ய வேணுமாம்."

"உங்களை ஆரோ நல்லாப் பேய்க்காட்டியிருக்கினம். ஆர் மறிச்சது எண்டு வடிவாக் கேளுங்கோ."

அவளைக் குறை சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்தில் எங்களுக்குத் தெரிந்த தட்டுப்பாடெல்லாம் யாரோ மறித்ததால் வந்தது. சண்டை தொடங்கியதும் மின்சாரம் நின்றது. பிறகு மண்ணெண்ணெய், பெற்றோல், பற்றறி எல்லாவற்றுக்கும் தடை. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, அது நனையும் அளவுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி, கம்பியில் திரியைக் கட்டி எரித்தோம். கொஞ்ச எண்ணெயில் நெடுநேரம் எரியும்.

எங்கள் முதல் பிள்ளை பிறக்கும்போது அந்தக் கொஞ்சமும் இருக்கவில்லை. ஷெல் விழுந்துகொண்டிருந்தபடியால் ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. மருத்துவிச்சி வந்தபோது பொழுதுபட்டுவிட்டது. நான் சைக்கிளில் வீடுவீடாகக் கேட்டுத் திரிந்து, அரைப் போத்தல் எண்ணெயோடு திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தொப்புள்கொடி பிள்ளையின் கழுத்தில் சுற்றியிருந்ததாம். இருட்டில் தடவி அதை எடுப்பதற்குள் பிள்ளை போய்விட்டது. ஏன் இவ்வளவு நேரம் என்று மனைவி அன்று கேட்கவில்லை. அதற்குப் பிறகும் கேட்டதில்லை.

ஒக்லாந்தில் அவள் என்னிடம் மண்ணெண்ணெய் வாங்கிவரச் சொன்னாள். ஏனென்று கேட்காமல், வேலை முடிந்து வரும் வழியில் பெற்றோல் கடையில் ஒரு போத்தல் வாங்கினேன்.

"எண்ணெய் வாங்கப் பாஸ் கேட்டவங்களோ?"

"இல்லை."

"எவ்வளவும் தருவாங்களோ?"

"குளிக்கிற அளவுக்குத் தருவாங்கள்."

அவள் சிரிக்கவில்லை.

ஒரு காலையில் வலி தொடங்கியது. ஆஸ்பத்திரியில் தாதி குழந்தையின் உடுப்பை எடுக்கப் பையைத் திறந்து முகத்தைச் சுளித்தாள். உள்ளே, துவாயில் சுற்றியபடி, திரி போட்டுத் தயாராக ஒரு ஜாம் போத்தல். ஒட்சிசன் வாயு இருக்கிற இடம், இது ஆபத்து என்று சொல்லித் தாதி கையை நீட்டினாள். மனைவி போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

நான் ஆட்களோடு கதைக்கக் கூச்சப்படுகிறவன். தமிழிலேயே சொல் வராது. அன்று எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் கொட்டினேன். சண்டை, கரண்ட் இல்லை, இருட்டு, பிள்ளை. அதற்கு அடுத்த சொல்லும் தெரியும், ஆனால் வாயில் வரவில்லை. வெறுங்கையை விரித்துக் காட்டினேன். தாதி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். மின்சாரம் நின்றால் ஆஸ்பத்திரி ஜெனரேற்றர் உடனே வேலை செய்யும் என்று மெதுவாகச் சொன்னாள்.

ஜெனரேற்றர் என்ற சொல் மனைவிக்குத் தெரியும்.

"அதுக்கு எண்ணெய் எங்கையிருந்து வருதெண்டு கேளுங்கோ."

கேட்டேன். தாதிக்குத் தெரியவில்லை. தெரியாது என்று விட்டுவிடாமல் யாரையோ தொலைபேசியில் அழைத்தாள். சற்று நேரத்தில் பராமரிப்பு வேலை செய்யும் ஒருவர் கதவடியில் வந்து, மரியாதையாக வேறு பக்கம் பார்த்தபடி நின்றார். சமோவாக்காரர். கதவை அடைக்கும் உருவம். அவருடைய ஆங்கிலமும் என்னுடையதைப் போலவே தட்டுத்தடுமாறியது. அதனால் நன்றாக விளங்கியது. டீசல் கப்பலில் வருகிறது, எண்ணெய்த் தாங்கி நிறைய இருக்கிறது, காலையில்தான் பார்த்தேன் என்றார். அவருடைய தீவில் புயலடித்துக் கம்பங்களெல்லாம் விழுந்து, நெடுநாள் விளக்கில்லாமல் இருந்தார்களாம். அது போய்ச் சில காலத்திலேயே இன்னொரு புயலாம். முன்பெல்லாம் இப்படி அடுத்தடுத்து வந்ததில்லை என்று அவருடைய தகப்பன் சொல்வாராம். அதனால் தாங்கியைத் தினமும் பார்க்காமல் தனக்கு மனம் ஆறாது என்றார்.

மனைவிக்குச் சொன்னேன்.

"அவையளுக்கு ஆர் அடிச்சது?"

"ஒருத்தரும் அடிக்கேல்லை. காத்துத்தான்."

அவள் வலிக்கு நடுவே அந்த மனிதரைப் பார்த்தாள். "பாவம். காத்தோடை என்னெண்டு சமாதானம் கதைக்கிறது?"

அதுவரை நானும் வேறு மாதிரித்தான் நினைத்திருந்தேன். எண்ணெய்க் கப்பலை மறிக்கலாம், ஏரியில் வரும் மின்சாரத்தை யார் மறிப்பது என்று. வானம் மறித்தால் போய்க் கேட்க ஆள் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மனைவி போத்தலை என்னிடம் நீட்டினாள். "அவரிட்டைக் குடுங்கோ. தாங்கியிலை ஊத்தட்டும்."

அவர் அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு போனார்.

பிரசவ நேரத்தில் தாதி என்னையும் உள்ளே வரச் சொன்னாள். எங்கள் ஆட்களில் ஆண்கள் அந்த அறைக்குள் போவதில்லை. நான் கதவைப் பிடித்தபடி, தண்ணீர் எடுத்து வாறன் என்றேன்.

"நீங்கள் ஒண்டும் எடுக்கப் போகவேண்டாம்," என்றாள் மனைவி. "இதிலை நில்லுங்கோ."

நின்றேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் தோல் கன்றிப்போனது. பிற்பகலில் பெண்பிள்ளை பிறந்தாள். அழுகைச் சத்தம் வந்த பிறகும் மனைவி பிடியை விடவில்லை.

"கொடி? கழுத்தைப் பாருங்கோ."

"பாத்தன். ஒண்டும் சுத்தேல்லை. வடிவாத் தெரியுது."

உண்மையில் கண் நிறைந்து எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. தாதி சிரித்த சத்தத்தை நம்பித்தான் சொன்னேன்.